37.5 டிகிரி: ஜப்பான் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

நிஷிகசாய் அம்மா:
மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் டீமில் ஒரு ஜப்பானியப் பெண், எனக்கு சீனியர். சின்னப் பிள்ளை இருப்பதால் ஜிதான், அதாவது குறைந்த நேர வேலை எடுத்து, தினம் ஆறு மணி நேரம் வேலை பார்த்தார். ஒரு நாள் மதியம் பிள்ளையை விடும் ஹோய்குவெனிலிருந்து (குழந்தைகள் காப்பகம்) போன். பிள்ளைக்குக் காய்ச்சல் 37.5 டிகிரி செல்சியஸ் தொட்டால் உடனே வந்து கூட்டிப்போகச் சொல்வார்கள், உங்களுக்கே தெரியும். அவர் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜை முன்னாலும் நின்று, குனிந்து, 'சுமிமாசென்', மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பதினோரு மேஜை.

மூன்று நாள் கழித்து வந்தவர் கையில் ஒரு பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு பொட்டலத்திலும் சின்ன மஞ்சள் சீட்டு ஒட்டி, 'சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று கையால் எழுதியிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கு மன்னிப்பு! நான் வாங்கித் தின்றேன். பையன் எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவர் கணவரின் ஆபீஸ் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். இப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. போன் அதிரும்போதெல்லாம் அந்த மஞ்சள் சீட்டு கண்முன் வருகிறது.

கவாசாகி அப்பா:
அக்கா, என்னுடையதையும் சொல்கிறேன். 2022 அக்டோபரில் அப்பாக்களுக்கான விடுப்பு வந்தது அல்லவா, குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் நான்கு வாரம். அடுத்த வருடமே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் தாளைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மனைவிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "பிறகு எதற்கு நான்கு வாரம்?" கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார், அதுதான் உறுத்துகிறது. அவருடைய மூத்த பெண் பிறந்த அன்று ஒசாகாவில் கஸ்டமரோடு இருந்தாராம். பெண்ணை முதலில் பார்த்தது மூன்றாம் நாள். அதையும் அவரேதான் சொன்னார்.

சைத்தாமா சீனியர்:
பழைய கதையையே பேசுகிறீர்கள். 2012-ல் விடுப்பு எடுத்த அப்பாக்கள் 2 சதவீதம்கூட இல்லை, 2024-ல் 40.5 சதவீதம். முதல் 180 நாளுக்கு சம்பளத்தில் 67 சதவீதம் வேலைக் காப்பீட்டிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் இருந்து கணவன் மனைவி இருவரும் 14 நாளாவது எடுத்தால் 28 நாள் வரை அது 80 சதவீதம். பிடித்தம் இல்லாததால் கையில் கிட்டத்தட்ட முழுச் சம்பளம். கோயம்புத்தூரில் என் தம்பிக்குக் கிடைத்தது மூன்று நாள். பிஸ்கட் கொடுப்பது இந்த ஊர் வழக்கம், லீவில் ஊருக்குப் போய் வந்தால் நாமும்தான் கொடுக்கிறோம்.

யோகோஹாமாவாசி:
சார், சட்டத்தை இங்கே யார் குறை சொன்னார்கள்? அந்த 40.5-ல் எத்தனை பேர் எத்தனை நாள் எடுத்தார்கள் என்று பாருங்கள். பெண்கள் பல மாதம் எடுக்கிறார்கள், ஆண்களில் நிறையப் பேர் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஊர் மைசூர்பாகும் மன்னிப்புச் சீட்டு ஒட்டின பிஸ்கட்டும் ஒன்றா?

கர்ப்பத்தால் பதவி இறக்கப்பட்ட ஹிரோஷிமா பிசியோதெரபிஸ்ட் வழக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. என்னை யாரும் இறக்கவில்லை. அதே கிரேடு, அதே பதவி. விடுப்பு முடிந்து திரும்பிய திங்கட்கிழமை காலண்டரைத் திறந்தேன், ஒரு மீட்டிங்கூட இல்லை. "குழந்தை சின்னது, சிரமமாக இருக்குமே" என்று கஸ்டமர் வேலையை எல்லாம் வேறொருவருக்கு மாற்றியிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்பாகச் செய்ததை எங்கே போய் முறையிடுவது?

சிபா அக்கா:
என் மகனுக்குப் பொங்கலன்று 38.2, நானும் இப்படித்தான் ஓடினேன். அதை விடுங்கள், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கேளுங்கள். காய்ச்சல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ப்யோஜி ஹோய்குவில் இப்போதே பதிவு செய்துவையுங்கள், காய்ச்சல் வந்த காலையில் பதிவு செய்ய ஓடினால் இடம் கிடைக்காது. பல இடங்களில் டாக்டர் சீட்டும் கேட்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 5 நாள் தனி விடுப்பு உண்டு, இரண்டு பிள்ளை என்றால் 10. 2021-லிருந்து அதை மணிக்கணக்கில் பிரித்து எடுக்கலாம், 2025 ஏப்ரலில் இருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைக்கும் செல்லும். சம்பளம் உண்டா இல்லையா என்பது கம்பெனியைப் பொறுத்தது, எச்ஆரில் கேட்டுவையுங்கள். ஏப்ரலில் ஹோய்குவெனில் சேர்க்க வேண்டும் என்றால் முந்தின வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், வார்டு ஆபீஸுக்கு நேரில் போங்கள். முக்கியமாக, ஹோய்குவென் ஃபாரத்தில் அவசரத்துக்குக் கூப்பிடும் முதல் நம்பர் யாருடையது என்று பாருங்கள்.

நிஷிகசாய் அம்மா:
அக்கா, பார்த்தேன். என் கையெழுத்தில் என் நம்பர்தான் முதலில் இருந்தது. யாரும் சொல்லாமல் நானே எழுதியது. மாற்றிக் கொடுத்தேன், டீச்சர் "அப்பாவையா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். நேற்று 37.8. அவரைத்தான் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது பக்கத்து சீட்காரர் அவரிடம், "ஏன், அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லையா?" என்று கேட்டாராம்.