கப்பலில் சொந்த மதுவுக்குத் தடை: பாதுகாப்பா, வியாபாரமா?

குன்னூர்த் தேயிலைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் நான்கு பேர், மனைவியருடன் எட்டுப் பேராக, வரும் தை மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் செல்ல முழுப் பணத்தையும் கட்டியிருக்கிறோம். பணம் கட்டிய அன்று இருந்த விதி, வயது வந்த ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவரலாம் என்பது. சென்ற வாரம் வந்த கடிதம் அந்த ஒரு பாட்டிலையும் நீக்கிவிட்டது. தண்ணீர், குளிர்பானம் உட்பட எந்தப் பானத்தையும் கொண்டுவரக் கூடாது என்றும், சோதனையில் அகப்படும் மது திருப்பித் தரப்படாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது ஒரே ஒரு சொல்: பாதுகாப்பு.

நாங்கள் குடிகாரர்கள் அல்லர். என் மனைவி ஆண்டுதோறும் பிளம்ஸ் பழுக்கும் பருவத்தில் பீங்கான் ஜாடியில் ஊறவைத்துக் கிறிஸ்துமஸுக்குத் திறக்கும் ஒயினில் இரண்டு பாட்டிலைக் கடல் நடுவே, திருமண நாளன்று நண்பர்களோடு பகிர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கப்பலுக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு தளத்திலும் மதுக்கூடம் நடத்திக்கொண்டு, என் வீட்டு ஒயின்தான் ஆபத்தானது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

கோத்தகிரி விடுதியாளர்

ஐயா, முதலில் ஒரு திருத்தம். உங்கள் பிளம்ஸ் ஒயின் பழைய விதியின்படியும் கப்பலில் ஏறியிருக்காது. இந்த அனுமதிகளெல்லாம் ஆலையில் அடைத்து, முத்திரை உடையாத பாட்டிலுக்கே பொருந்தும். அதைவிட, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஊறவைப்பது நம் மாநிலத்திலேயே குற்றம் என்பதால், பொதுவில் எழுதுமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். (குன்னூரில் பாதி வீடுகளில் அந்த ஜாடி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.)

நான் ஆறு அறைகள் கொண்ட காட்டேஜ் ஒன்றை நடத்துகிறேன். தொடங்கிய இரண்டு ஆண்டுகளும் விருந்தினர் எதைக் கொண்டுவந்தாலும் கேட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், கீழ்ச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் உள்ளங்காலில் பீர் பாட்டிலின் அடித்துண்டு இறங்கியது. ஏழு தையல். அன்று மாலையே, வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினேன். நான் மது விற்பவன் அல்லன்; அந்தப் பலகையால் எனக்கு நட்டம்தான். ஆகவே, இப்படி ஒரு விதியைக் கண்டதும் வியாபாரத் தந்திரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நம் மாவட்டமே இதற்குச் சாட்சி. வீசியெறியப்பட்ட கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்பதால்தான், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை முதலில் நீலகிரியில் வந்தது. குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் தடையால் தண்ணீர்ப் பாட்டிலைப் பறிகொடுத்த சமவெளிக்காரர் நம்மைத் திட்டும்போது, "இது மலை, இங்கே இப்படித்தான்" என்று நாம் சொல்வதில்லையா? கடலுக்கும் அதுவே பொருந்தும்.

குன்னூர்த் தேயிலைக்காரர்

சட்டம் பற்றிய அறிவுரைக்கு நன்றி. ஜாடியைப் பற்றி இனி எழுதமாட்டேன். ஆனால் உங்கள் உவமை இரண்டு இடங்களில் சறுக்குகிறது. பத்து ரூபாய்த் திட்டத்தில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் நம் கைக்கே வந்துவிடுகிறது. வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. உங்கள் விடுதியிலோ நீங்கள் மது விற்கவே இல்லை. நான் கேட்பது, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அதே கை உள்ளே விற்றுக்கொண்டும் இருந்தால், அந்தத் தடையின் நோக்கத்தை எப்படி நம்புவது என்பதுதான். உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. மது, சூதாட்டம், கரைச்சுற்றுலா போன்றவற்றிலிருந்து வருகிறது. சீட்டை மலிவாகக் கொடுத்து உள்ளே கறக்கும் வழி அது.

கூடலூர் வழிப்போக்கன்

2003 முதல் சில்லறை மதுக்கடை முழுவதையும் ஒரே நிறுவனம் நடத்தும் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், கப்பலின் ஏகபோகத்தைக் கண்டு இவ்வளவு அதிர்ச்சி அடைவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கேத்தி ஆசிரியை

வழிப்போக்கன் தம்பி சிரிக்கலாம். நான் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கிறேன். எனக்கு மதுவின் வாடையே ஆகாது. அப்படியிருக்க, ஒரு லிட்டர் தண்ணீரை நான் ஏன் துறைமுகத்தில் விட்டுவிட்டு ஏற வேண்டும்? போன கோடையில் நாங்கள் சென்ற பயணத்தில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) இதைவிடப் பெரிய அநியாயம் நடந்தது. என் கணவர் நாள் கணக்கில் கட்டணம் செலுத்தும் மதுத் தொகுப்பை வாங்க விரும்பினார். ஒரே அறையில் தங்கும் வயது வந்த இருவரும் வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். ஒருவர் வாங்கி இருவர் குடித்துவிடுவார்களாம். ஒரு சொட்டும் தொடாத எனக்கும் சேர்த்து அவர் கட்ட வேண்டும். இல்லையென்றால் கோப்பைக்குக் கோப்பை முழு விலை. யாரோ செய்யும் திருட்டுக்குத் திருடாதவர் தண்டம் கட்டுவது என்ன நியாயம்?

அருவங்காட்டுக் கப்பலோட்டி

பெயரைப் பார்த்து மாலுமி என்று எண்ண வேண்டாம். பயணக் கப்பல்களில் ஒன்பது ஆண்டுகள் மதுச் சரக்கறையிலும் பிறகு மதுக்கூடத்திலும் வேலை செய்தேன். உள்ளே இருந்தவன் என்பதால் இரு தரப்புக்கும் கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறேன்.

தண்ணீருக்கு ஏன் தடை என்று அக்கா கேட்டார். 2015 சூலையில் கார்னிவல், நார்வீஜியன் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்துத் தண்ணீர்ப் பாட்டிலையும் குளிர்பானப் பாட்டிலையும் நிறுத்தின. வோட்காவுக்கு நிறமில்லை என்பதே காரணம். தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்து, வோட்காவை ஊற்றி, மூடியின் வளையம் அறுபடாததுபோல் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியில் பச்சைச் சாயம் கலந்த ஜின் வரும். வெயிலுக்குப் பூசும் களிம்புக் குப்பிபோலவே செய்த போலிக் குப்பிகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஏறும் நாளில் சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஊடுகதிர்ப் பொறியைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு தண்ணீர்ப் பாட்டிலையும் திறந்து முகர்ந்து பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் பாட்டில் கூடாது, தகர டப்பாவில் அடைத்த பானம் ஆளுக்குப் பன்னிரண்டு வரை கொண்டுவரலாம் என்று கார்னிவல் விதித்தது. டப்பாவைத் திறந்து மீண்டும் மூட முடியாது அல்லவா? ஆகவே அது முழுக்க வியாபாரம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் விற்பதுதான் குறி என்றால் டப்பாவையும் தடுத்திருப்பார்கள்.

பெட்டியில் சந்தேகப்படும்படி எதாவது தெரிந்தால் அது அறைக்கு வராது. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வைத்துவிட்டு உரியவரை அழைப்பார்கள். எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து காட்டும்போது பெரிய அதிகாரிகள்கூடப் பள்ளிப் பிள்ளைகள்போல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதி நேரம் அகப்படுவது மது அன்று, துணி தேய்க்கும் பெட்டி. தீப்பிடிக்கும் என்பதால் அதற்கும் தடை.

இனித் தேயிலைக்கார ஐயாவுக்குச் சாதகமான ஒன்று. நார்வீஜியனில் எத்தனை ஒயின் பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று இருந்தது. 750 மில்லிக்கு 15 டாலர் திறப்புக் கட்டணம் கட்டினால் போதும். கண்ணாடிதான் ஆபத்து என்றால் பதினைந்து டாலர் கட்டியதும் அந்தக் கண்ணாடி உடையாமல் போகுமா? இந்தக் கேள்வியை நான் என் மேலாளரிடமே கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனாலும் விதி தேவை என்றே நான் நினைக்கிறேன். கப்பலில் வாங்கும் ஒவ்வொரு கோப்பையும் பயணியின் அட்டையில் பதிவாகும். மாலை ஆறு மணிக்கு வந்தவர் ஒன்பது மணிக்கு எத்தனையாவது கோப்பையில் இருக்கிறார் என்பது எனக்குத் திரையில் தெரியும். போதும் என்று மறுக்கும் உரிமையும் எனக்கு உண்டு. அறைக்குள் சொந்தச் சரக்கைக் குடித்துவிட்டு வருபவருடைய கணக்கு என் திரையில் சுழியம். அவரை நிதானமாக இருப்பவர் என்று எண்ணி நான் ஊற்றுவேன். இரவு இரண்டு மணிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

உதகை மருத்துவர்

கப்பலோட்டி சொன்ன கடைசிச் செய்தியே எனக்கு முதன்மையானது. நம் ஊரில் மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து அவோமின் மாத்திரை போட்டுக்கொள்வது பலருக்கும் பழக்கம். கப்பலிலும் குமட்டலுக்கு அதையோ அதன் உறவு மருந்துகளையோதான் விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை தன்னளவிலேயே தூக்கத்தைத் தரும். அதன்மேல் மது சேர்ந்தால் மயக்கம் பெருகி, நடை தளரும். அசையும் தளம், ஈரமான படி, அறையை ஒட்டிய உப்பரிகை ஆகியவற்றோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2010இல் வந்த பயணக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், தடுப்புக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அளவு வைத்தே சொல்கிறது. மூன்றரை அடிக் கம்பி நிதானமாக நிற்பவருக்குப் போதும். அளவறியாமல் குடித்துவிட்டு அதில் ஏறி உட்காருபவருக்குப் போதாது. மலையில் ஒருவர் விழுந்தால் தேடுவதற்கு இடமாவது தெரியும்.

குன்னூர்த் தேயிலைக்காரர்

மருத்துவர் ஐயாவின் சொல்லை மதிக்கிறேன். ஆனால் அளவைப் பற்றிப் பேசுவதென்றால் முழுதாகப் பேசுவோம். கப்பலோட்டி வேலை செய்த இதே துறையில், கார்னிவலின் மதுத் தொகுப்பு ஒரு நாளைக்குப் பதினைந்து கோப்பை வரை அனுமதிக்கிறது. பதினைந்து! எட்டுப் பேர் இரவு உணவோடு பகிரும் இரண்டு பாட்டில் ஒயின் ஆளுக்கு ஒன்றேகால் கோப்பை அளவுதான் வரும். பதினைந்தை விற்பவர் ஒன்றேகாலைப் பறிமுதல் செய்யும்போது உடல்நலத்தைக் காரணம் காட்டலாமா?

இதையும் நான் விட்டுவிடத் தயார். எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. விதி கடுமையாக இருக்கட்டும். பணம் வாங்குமுன் அதைச் சொல்ல வேண்டும். கட்டிய பிறகு மாற்றிவிட்டு, விலகினால் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்வோம் என்பது விதியா, மிரட்டலா?

கோத்தகிரி விடுதியாளர்

இந்தக் கடைசிப் பத்தியைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். 2024 மே 7ஆம் நாள் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தபோது, ஏப்ரலிலேயே முன்பணம் கட்டிய விருந்தினர் பலர் தயங்கினர். நீதிமன்ற ஆணைக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று கைவிரித்திருக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் முழுத் தொகையையும் திருப்பினேன். அந்தக் கோடையில் எனக்கு அது சிறிய தொகை அன்று. விதி மாறினால், விலகிக்கொள்ளும் வழியும் தண்டம் இல்லாமல் திறந்திருக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். விதி தவறு என்பதில் மட்டும் இன்னும் உடன்படவில்லை. ஒருவர் இரண்டு பாட்டிலை நாகரிகமாகப் பகிர்வார் என்று நம்பி மூவாயிரம் பேருக்கு வாசலைத் திறந்துவிட முடியாது. என் ஆறு அறைகளுக்கே அந்த நம்பிக்கை தாங்கவில்லை.

கேத்தி ஆசிரியை

ஐயா, கோயம்புத்தூர் முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தால், கடிதத்தோடும் ரசீதோடும் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. அதற்கு முன், பணம் கட்டிய நாளில் இருந்த விதிப் பக்கத்தின் படி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் அது இல்லாததால்தான் நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம்.

கப்பலோட்டித் தம்பிக்கு ஒரு கேள்வி. என் மாமியாருக்குக் காலையில் ராகிக் கஞ்சி இல்லாமல் ஆகாது. பிளாஸ்க்கில் கொண்டுபோனால் விடுவார்களா?

அருவங்காட்டுக் கப்பலோட்டி

வீட்டில் சமைத்த எதையும் விடமாட்டார்கள், அக்கா. காலிப் பிளாஸ்க்கைத் திறந்து காட்டினால் விட்டுவிடுவார்கள். பிரித்திராத ராகி மாவுப் பொட்டலத்தைக் கொண்டுபோய் வெந்நீரில் கரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உணவுக்கூடத்தில் வெந்நீருக்குக் காசு இல்லை.

ஐயா, இடைத் துறைமுகத்தில் பாட்டில் வாங்கினால் அதையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவில்தான் தருவார்கள். அறை எண் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். சீட்டில்லாத பாட்டிலுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

குன்னூர்த் தேயிலைக்காரர்

விதிப் பக்கத்தின் படி, எங்கள் நால்வரில் ஒருவரிடம் தாளிலேயே இருக்கிறது. அவர் எதையும் அச்சிட்டுக் கோப்பில் வைப்பவர், இத்தனை ஆண்டுகளாக அதற்காகவே அவரைக் கேலி செய்துவந்தோம். அதை இணைத்து, பழைய விதியின்படி ஏற்றுங்கள் அல்லது முழுப் பணத்தையும் திருப்புங்கள் என்று முகவருக்கு இன்று காலை பதிவு அஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். ஜாடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. விடுதியாளர் இதைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கோத்தகிரி விடுதியாளர்

படித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.