மவுத்ஃபீலுக்கு என்ன சொல்? (பீர் மதிப்பெண் தாள், வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிறு ப்ரூவரிகளின் கிராஃப்ட் பீர்களைச் சுவைத்து மதிப்பிடக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றுக்காக மதிப்பெண் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பு) நடுவர்கள் பயன்படுத்தும் தாளின் அமைப்புதான்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, மவுத்ஃபீலுக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10, ஆக மொத்தம் 50. மற்ற நான்கும் சிரமம் இல்லாமல் முடிந்தன. இந்த ஐந்து மதிப்பெண்ணில் வண்டி நின்றுவிட்டது.

மவுத்ஃபீல் என்பது பீர் வாயில் படும்போது தொட்டு அறிவது. அந்தத் தலைப்பின் கீழ் வருபவை: பீரின் கனம், வாயுவின் குறுகுறுப்பு, ஆல்கஹாலின் சூடு, வழவழப்பு, துவர்ப்பு. "வாய்ச்சுவை" என்று எழுதி அடித்துவிட்டேன். மேல் வரியிலேயே சுவை தனியாக இருக்கிறதே. இப்போதைக்கு "வாயுணர்வு" என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பிக்கு வாழ்த்து. புதிதாக ஆக்கவே வேண்டாம், சொல் நம்மிடம் இருக்கிறது. "சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின் வகைதெரிவான்" என்று வள்ளுவர் அடுக்குகிறாரே, அதில் சுவை வேறு, ஊறு வேறு. ஊறு என்றால் தொட்டு அறிவது. உறு என்னும் முதனிலை நீண்டு பெயரானது. படு, பாடு ஆனதுபோல. வாயில் நிகழும் ஊறு, வாயூறு. மூன்று எழுத்தில் வேலை முடிந்தது.

தொல்காப்பிய மரபியலையும் பாருங்கள். "ஒன்றறிவதுவே உற்றறிவதுவே, இரண்டறிவதுவே அதனொடு நாவே." தொடுவுணர்வு முதலில், நாவின் அறிவு அதற்குப் பிறகு. உங்கள் தாள் சுவையையும் தொடுவுணர்வையும் பிரிக்கிறது என்றால், நம் இலக்கணம் அதை என்றோ பிரித்துவிட்டது. உணர்வு என்பது மிகப் பொதுவான சொல். அன்பும் உணர்வு, அச்சமும் உணர்வு. கலைச்சொல்லுக்கு இவ்வளவு தளர்வு ஆகாது.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, ஊறுவின் பொருளில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இன்று படிப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இடையூறு தெரியும், ஊறு விளைவித்தல் தெரியும். வாயூறு என்று தாளில் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் "வாய் ஊறுகிறது" என்றுதான் படிப்பார்கள். அதாவது பீர் ஆசையைத் தூண்டுகிறதா என்று நினைத்து மதிப்பெண் போடுவார்கள். பொருள் தெரியாத சொல்லையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தவறான பொருள் தெரிகிற சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

"வாய்ப்பதம்" எப்படி?

உணவறிவியல் கற்பிப்பவர் எழுதியது:

பதம் வேண்டாம். பதம் என்றாலே சரியான நிலைக்கு வந்துவிட்டது என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. நமக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, தலைப்பு. "வாய்ப்பதம் மோசம்" என்று எழுத முடியாது.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் பொருளைச் சரியாக வைத்துக்கொள்வோம். மவுத்ஃபீல் என்பது பெரும்பாலும் நாவின் சுவை மொட்டுகளுடைய வேலை இல்லை. முகத்துக்கும் வாய்க்கும் தொடுவுணர்வு தரும் முக்கிளை நரம்பின் வேலை. ஆல்கஹாலின் சூடு அந்த வழியாகத்தான் தெரிகிறது. பீரின் குறுகுறுப்பும் வெறும் குமிழி வெடிப்பு இல்லை. எச்சிலில் உள்ள ஒரு நொதி கரியமில வாயுவை அமிலமாக்குகிறது, அந்த அமிலம்தான் குத்துகிறது. குமிழி உண்டாகாத அளவுக்கு அழுத்தம் கூட்டிய அறையில் குடித்தாலும் அந்தக் குத்தல் இருக்கும்.

இனி நம் தமிழில் வரும் சிக்கல். அறுசுவையில் துவர்ப்பு ஒரு சுவை. கார்ப்பும் ஒரு சுவை. உடலியல் இரண்டையுமே தொடுவுணர்வில் சேர்க்கிறது. தானிய உமியிலிருந்தும் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வரும் பாலிஃபீனால்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டித் திரிந்துவிடுகின்றன. எச்சிலின் வழுக்கல் போய், வாய் உலர்ந்து சொரசொரக்கிறது. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். இந்தத் தாளில் துவர்ப்பு சுவைப் பத்தியில் வராது. ஆகவே "இது சுவை இல்லை" என்று தலைப்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மாணவர்கள் அறுசுவைக் கணக்கில் போய் 20 மதிப்பெண்ணிலும் கழிப்பார்கள், ஐந்திலும் கழிப்பார்கள்.

ப்ரூவர் எழுதியது:

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் இல்லை, பீர் வடிக்கிறவன். அம்மா சொன்ன துவர்ப்பு விஷயம் எங்கள் வகுப்பில் தினமும் நடப்பது. புதிதாக வருகிறவர்கள் துவர்ப்பையும் கசப்பையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். ஹாப்ஸ் தூக்கலாகப் போடும் ஐ.பி.ஏ. வகை பீரைக் கொடுத்தால் "கசப்பு அதிகம்" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஐ.பி.ஏ. கசக்கத்தான் வேண்டும். அதில் குறை துவர்ப்பாக இருந்தால் அதை வேறு இடத்தில் சரிசெய்ய வேண்டும்: தானியத்தை அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டிச் சூடாகியிருக்கலாம், அமிலத்தன்மை குறைந்து உமியின் துவர் இறங்கியிருக்கலாம். கசப்பு என்று எழுதிக்கொடுத்தால் நான் ஹாப்ஸைக் குறைப்பேன். குறை அப்படியே இருக்கும், நல்ல பீரும் கெட்டுப்போகும்.

நான் சொல்லித்தருவது இப்படி. ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காதீர்கள். நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். நழுவுவதில் கனம் தெரியும். நாக்கு நுனியில் குத்துவது வாயு. விழுங்கியபின் தொண்டையில் இறங்கும் சூடு ஆல்கஹால். அப்புறம் கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். வழுக்கினால் சரி. அதிக நேரம் ஊறிய தேயிலைத் தண்ணீரைக் குடித்ததுபோல இழுத்துப் பிடித்தால் அதுதான் துவர்ப்பு. கசப்புக்கு எதையும் தடவ வேண்டாம். அது நாக்கில் தானே நின்றுகொண்டிருக்கும்.

ஒரே வகை பீரை நான்கு ப்ரூவரியிலிருந்து வாங்கி வரிசையாக வைத்தால், மணத்தில் இரண்டு ஒன்றுபோல இருக்கும். வாயில் வைத்ததும் பிரிந்துவிடும். மாவூறலை (தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பதை) 65 டிகிரியை ஒட்டி வைத்தவருடையது மெலிந்திருக்கும், 69-இல் வைத்தவருடையது கனத்திருக்கும். ஓட்ஸ் சேர்த்தவருடையது பட்டுப்போல இறங்கும். ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரை நைட்ரஜன் கலந்து ஊற்றினால் குத்தலே இல்லாமல் பாலாடைபோல வரும். இத்தனையும் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. எந்தச் சொல் வைத்தாலும் சரி, முதல் நாள் வந்தவருக்கு விளங்க வேண்டும். எங்கள் ஆட்கள் மவுத்ஃபீல் என்றே சொல்கிறார்கள், அப்படியே விட்டாலும் எனக்குச் சம்மதம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

> அப்படியே விட்டாலும் எனக்குச் சம்மதம்

எனக்குச் சம்மதம் இல்லை. பீர் ஒரு பொருளின் பெயர்; அது வந்த பெயரோடேயே இருக்கட்டும். ஆனால் வாய் நம்முடையது, அது உணர்வதும் நம்முடையது. அதற்குமா கடன் வாங்க வேண்டும்?

"வாயுறை" என்று இன்னொன்றும் உண்டு. வாயுறை வாழ்த்துக்கு இலக்கணம் சொல்லும்போது தொல்காப்பியர் "வேம்பும் கடுவும் போல" என்கிறார், "வாயுறுத்தற்றே" என்று முடிக்கிறார். கசப்பதை வாயில் உறச் செய்வது! ஹாப்ஸுக்கும் அதே கதைதானே. அப்புறம், ஐம்பொறியில் தொடுவுணர்வுக்கு உரியது மெய். நீங்கள் கனம் என்று எழுதியிருக்கும் 'பாடி' (body) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ் மெய்தான். மெய் என்ற ஒரு சொல்லிலேயே உடலும் தொடுவுணர்வும் சேர்ந்திருக்கும்போது, அதை விட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, "இந்த ஸ்டவுட்டுக்கு மெய் அதிகம்" என்று எழுதினால் உண்மை அதிகம் என்றுதான் படிப்பார்கள். வாயுறை என்றால் வாயை மூடும் உறை. கனத்தைக் கனமாகவே விடுங்கள், மன்றாடிக் கேட்கிறேன்.

உணர்வு தளர்வான சொல் என்றீர்கள். பல் மருத்துவர் ஊசி போட்டபின் நாம் என்ன சொல்கிறோம்? "வாய் மரத்துப்போச்சு, உணர்வே இல்லை." அங்கே அன்பையும் அச்சத்தையும் யாரும் நினைப்பதில்லை. உடல் உறுப்பின் பெயர் முன்னால் வந்தாலே உணர்வு தொடுவுணர்வாகிவிடுகிறது. வழக்கே அந்தச் சொல்லை இறுக்கிக் கொடுத்திருக்கிறது. அதனால் வாயுணர்வு என்பதே என் கட்சி. (வரைவில் ஓரிடத்தில் "வாய்யுணர்வு" என்று இருக்கிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்றுதான் இரட்டும். வாய் நெடில், இரட்டாது.)

உணவறிவியல் கற்பிப்பவர் எழுதியது:

பல் மருத்துவர் எடுத்துக்காட்டு எனக்குப் போதும். வாயுணர்வு.

ஆனால் பெரும்பாணாற்றுப்படையைச் சொல்லாமல் போக முடியவில்லை. "அவையா அரிசி அங்களித் துழவை" என்று தொடங்கும் பகுதியில் தானியக் களி கிண்டி, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, "எல்லையும் இரவும் இருமுறை கழிப்பி" சாடியில் விளைய விடுகிறார்கள். நல்லடையை உரைகாரர் முளை என்று கொள்கிறார். முளையிலுள்ள நொதி மாவைச் சர்க்கரையாக்கும். பீருக்கான முளைகட்டிய தானியமாகிய மால்ட் செய்யும் வேலையும் அதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது "வழைச்சு அற விளைந்த" என்ற தொடர். வழைச்சு என்றால் இளமை, முற்றாத தன்மை.

ப்ரூவர் எழுதியது:

அம்மா, அந்த வழைச்சு எனக்கு வேண்டும்! முற்றாத பீரை நாங்கள் கிரீன் பீர் என்போம். நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் மிஞ்சி, பச்சை ஆப்பிள் வாடை அடிக்கும். ஈஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுத்தால் அதுவே எடுத்துவிடும். "பச்சை வாடை" என்று சொல்லிப் பார்த்தேன், காய்கறி வாடையா, புல் வாடையா என்று கேட்கிறார்கள். "வழைச்சு அடிக்கிறது" என்றால் அந்த ஒரு குறைக்கு மட்டும் நிற்கும்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

வழைச்சுக்கு நான் உடனே ஆதரவு. யாருக்கும் தெரியாத சொல் என்பதே இங்கே பலம். குழப்பிக்கொள்ள வேறு பொருள் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

வழைச்சு யாருக்கும் தெரியாது, ஆனால் ஏற்கலாம். ஊறு திருக்குறளில் இருக்கிறது, ஆனால் ஏற்கக் கூடாது. இது எந்த நியாயம்? படிப்பவருக்குப் புரியாது என்றால் இரண்டுக்கும் அதே சட்டம் வையுங்கள்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

சட்டம் ஒன்றுதான் ஐயா. வழைச்சு புரியாது, வாயூறு தவறாகப் புரியும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாயுணர்வுக்கு மூன்று பேர், வாயூறுக்கு ஆசிரியர் ஐயா. நாளை காலை கோப்பினை அனுப்ப வேண்டும் என்பதால் வாயுணர்வு என்றே அச்சுக்குப் போகிறது. அதன் கீழ் கனம், குறுகுறுப்பு, சூடு, வழவழப்பு, துவர்ப்பு. துவர்ப்புக்குப் பக்கத்தில் "கசப்பு அன்று, கன்னத்தின் உட்பக்கம் உலர்ந்து இழுப்பது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குறைகளின் பட்டியலில் வழைச்சு இருக்கிறது, அடைப்பில் "முற்றாத பீரின் பச்சை ஆப்பிள் வாடை" என்ற விளக்கத்தோடு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் தம்பி, தடுக்கவில்லை. துவர்ப்புக்கு நீங்கள் சேர்த்த வரி நன்றாக இருக்கிறது. ஆனால் தொகுப்பாளர் ஐயாவின் அகராதியில் ஊறு என்ற பதிவுக்குக் கீழே வாயூறும் இடம்பெற வேண்டும், வழக்கில் இல்லை என்ற குறிப்போடாவது. நான் கேட்டது வழக்கில் இருக்கிறதா என்று இல்லை, சரியா என்று. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.