அரசு ஊழியர்களின் தொழில்நல ஏற்பாடுகளை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி (பாலக்கோடு, வருவாய்த்துறை ஊழியர்):
அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்ட அரசு ஊழியர்களுக்கான தொழில்நல ஏற்பாடுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் பொறுப்பைச் சங்கக் கிளை என்னிடம் கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், மாதம் 300 ரூபாய் பிடித்தத்திற்கு நான்கு ஆண்டுகளில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைத்தது. கட்டணமில்லாச் சிகிச்சை எங்கே மறுக்கப்பட்டது, எத்தனை மனுக்கள் நிலுவையில் நின்றன என்று தொகுத்தால் போதுமா?

மறுமொழி 1 (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற செவிலியர்):
போதாது தோழர். காப்பீடு, நோய் வந்த பிறகு கைகொடுப்பது. தொழில்நலம் என்பது, செய்கிற வேலையால் நோய் வராமல் காப்பது. பணிக்காலத்தில் ஓர் இரவு, நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்தியபோது, யாரிடம் தெரிவிப்பது என்று அந்த வார்டில் எவருக்கும் தெரியவில்லை. விடியும்வரை அழுதுகொண்டே வேலை பார்த்தேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்திற்குள், எப்படியும் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும் என்பதால், மருந்து இருப்பில் உள்ளதா என்பதோடு, இரவுப்பணியில் அதை எடுத்துத் தரும் பொறுப்பு யாருடையது என்றும் கேளுங்கள். மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டதற்குப் பதிவேடு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள்.

மறுமொழி 2 (சூளகிரி, சுகாதார ஆய்வாளர்):
அம்மா சொல்வதை வழிமொழிகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் பணியாளருக்கு ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதனை நடக்கிறதா என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். சட்டநிலையையும் குறிப்பிடுங்கள்: 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது, ஆயினும், அங்கே ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்பட்டவர்களுக்குப் பொருந்தும். பரிசோதனை முடிவுகள் மேலதிகாரியின் மேசைக்குப் போகுமென்ற அச்சம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எனவே அவை மருத்துவரிடம் மட்டும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

கேட்டவர்:
அம்மாவுக்கும் தோழருக்கும் நன்றி. காப்பீட்டுப் புகார்களைப் பின்னிணைப்பாக வைத்துவிட்டு, செவிலியர், ஓட்டுநர், வனக்காப்பாளர் என்று பணிவாரியாகக் கேள்விகளைத் திருத்தி எழுதுகிறேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை முதல் வரைவில் விட்டுவிட்டேன். அவர்களை நேரில் சந்தித்த பிறகே அறிக்கையைக் கிளையில் வைப்பேன்.