டிசிபிடம்ப்பில் தெரிகிற ஃபிரேம் என் கர்னல் ஹேண்ட்லருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

தண்டையார்பேட்டை_லேத்:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் மாமாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது. எந்த மெஷினில் எத்தனை பீஸ் ஓடியது என்று எண்ணுவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன போர்டு மாட்டி, ஒரு ஸ்விட்ச் வழியாக லினக்ஸ் பெட்டிக்குக் கேபிள் இழுத்திருக்கிறேன். போர்டில் மெமரி குறைவு, அதில் ஐபி, டிசிபி எல்லாம் ஏற்ற முடியாது, அதனால் அது நேராக ஈதர்நெட் ஃபிரேமாகவே அனுப்புகிறது. ஈதர்டைப் (ஃபிரேமின் உள்ளே என்ன வகை டேட்டா என்று சொல்கிற எண்) 88பி5, சோதனைக்கென்று நெட்வொர்க் தரங்களை வகுக்கிற ஐஇஇஇ ஒதுக்கி வைத்திருக்கிற எண்.

இந்தப் பக்கம் ஒரு கர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஏற்றுகிற என் துண்டு புரோகிராம். பாக்கெட்_டைப் ஸ்ட்ரக்சரில் டைப் = 0எக்ஸ்88பி5, டெவ் = நல், ஃபங்க் = என் ஃபங்ஷன் என்று போட்டு டெவ்_ஆட்_பேக் கூப்பிடுகிறேன், அதாவது இந்த டைப் வந்தால் என் ஃபங்ஷனை (ஹேண்ட்லர்) கூப்பிடு என்று கர்னலிடம் பதிகிறேன். கம்பைல் ஆகிறது, இன்ஸ்மாட் ஒரு எரரும் இல்லாமல் ஏறுகிறது. டிசிபிடம்ப் (கார்டுக்கு வருகிற பாக்கெட்டைக் காட்டுகிற டூல்) போட்டால் ஃபிரேம் அழகாக வருகிறது, ஈதர்டைப்பும் 88பி5 என்றே காட்டுகிறது. ஆனால் என் ஃபங்ஷனின் முதல் வரியில் இருக்கிற பிரிண்ட்கே செய்தி டிமெசேஜில், அதாவது கர்னல் லாகில், வருவதே இல்லை. ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் ரூல் எல்லாவற்றையும் அழித்தும் பார்த்தாயிற்று.

இன்னொன்று, இதுதான் சுத்தமாகப் புரியவில்லை: இன்டர்ஃபேஸின் டிராப் கவுன்ட் ஃபிரேம் வர வர ஏறுகிறது, டிசிபிடம்ப் ஓடும்போது மட்டும் ஏறாமல் நின்றுவிடுகிறது. வந்த பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது என்று கர்னல் எங்கே, எப்படித்தான் முடிவு செய்கிறது?

ராயபுரம்_சாஃப்ட்ஐஆர்க்யூ:

தம்பி, முதலில் ஐபிடேபிள்ஸை விட்டுவிடுங்கள். அதன் கொக்கிகள் ஐபி பாக்கெட்டை வாங்குகிற ஐபி_ஆர்சிவி என்கிற ஃபங்ஷனிலும் அதற்கு மேலேயும்தான் இருக்கின்றன, உங்கள் ஃபிரேம் அந்தப் பக்கமே போவதில்லை.

நடப்பது இதுதான். நெட்வொர்க் கார்டு ஃபிரேமை டிஎம்ஏ மூலமாக (சிபியூ கை வைக்காமல் நேராக) மெமரியில் போட்டு இன்டரப்ட் கொடுக்கும், அப்புறம் நாப்பி என்கிற முறையில், சாஃப்ட்ஐஆர்க்யூவில் (இன்டரப்டுக்குப் பிறகு கர்னல் ஓட்டுகிற பின்வேலை) டிரைவர் அதை எடுத்து எஸ்கேபி (கர்னல் பாக்கெட்டை வைத்திருக்கிற ஸ்ட்ரக்சர்) ஆக்கும். அந்த இடத்தில் எத்_டைப்_டிரான்ஸ் இரண்டு மேக் முகவரிக்கும் அடுத்து இருக்கிற 2 பைட்டைப் படித்து எஸ்கேபியின் புரோட்டோகால் ஃபீல்டில் எழுதிவிடும் (அந்த எண் 1536க்குக் கீழே இருந்தால் அது டைப் இல்லை, பழைய 802.3 நீளம்). வால்டாக்ஸ் ரோடு பார்சல் ஆபீஸில் மூட்டை மேல் எழுதியிருக்கிற ஊரைப் பார்த்து லாரியில் ஏற்றுவார்களே தவிர மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், அதே மாதிரி கர்னலும் இந்தக் கட்டத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அதற்கப்புறம் நெட்இஃப்_ரிசீவ்_எஸ்கேபி_கோர் என்கிற ஃபங்ஷன், யாரிடம் கொடுப்பது என்ற முடிவு இங்கேதான். இங்கே வரிசை முக்கியம். முதலில் ‘எல்லாம் எனக்கு வேண்டும்’ என்று பதிந்தவர்களின் லிஸ்ட், பிடைப்_ஆல். டிசிபிடம்ப் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அந்த இன்டர்ஃபேஸ் பிரிட்ஜிலோ பாண்டிலோ (பல இன்டர்ஃபேஸை ஒன்றாகச் சேர்க்கிற முறைகள்) இருந்தால் அவற்றின் ஆர்எக்ஸ் ஹேண்ட்லர். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பிடைப்_பேஸ் என்கிற ஹாஷ் டேபிள், மொத்தம் 16 அறை. ஈதர்டைப்பின் கடைசி 4 பிட்டை வைத்து அறையைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கிற ஒவ்வொரு ஹேண்ட்லரின் டைப்பையும் ஒப்பிட்டு, பொருந்தினால் அதன் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஐபி 0800 என்றால் ஐபி_ஆர்சிவி, ஏஆர்பி 0806 என்றால் ஏஆர்பி_ஆர்சிவி, ஐபிவி6 86டிடி என்றால் ஐபிவி6_ஆர்சிவி. ஆக டிசிபிடம்ப்பில் தெரிகிறது என்றால் கேபிளும் கார்டும் சரி என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் ஹேண்ட்லர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சியே இல்லை.

இப்போது உங்கள் கோளாறு. அந்த டைப் ஃபீல்டு நெட்வொர்க் பைட் ஆர்டரில் (பெரிய பைட் முதலில்) இருக்க வேண்டும். எக்ஸ்86ஆக இருந்தாலும் வழக்கமான ஆர்ம் ஆக இருந்தாலும் லிட்டில் எண்டியன் (சின்ன பைட் முதலில்), அந்த வரிசையை மாற்றித் தருகிற எச்டிஓஎன்எஸ் போடாமல் 88பி5 என்று எழுதினால் கர்னல் அதைப் பி588 என்று படிக்கும். உங்கள் ஹேண்ட்லர் 8ஆம் அறையில் உட்கார்ந்திருக்கும், ஃபிரேமோ 5ஆம் அறையில் தேடிவிட்டுப் போய்விடும். மாட்யூலை ஏற்றிவிட்டு /ப்ராக்/நெட்/பிடைப் ஃபைலை கேட் செய்து பாருங்கள், உங்கள் ஃபங்ஷன் பெயருக்கு எதிரே எந்த எண் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். டிசிபிடம்ப்பை ஓட்டிக்கொண்டே பார்த்தால் மேலே ‘ஆல்’ என்று ஒரு வரி கூடியிருப்பதும் தெரியும்.

டிராப் கவுன்ட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். யாருமே வாங்கிக்கொள்ளாத ஃபிரேமைக் கர்னல் டிராப் கணக்கில் சேர்க்கிறது (கர்னல் 2.6.37லிருந்து இப்படி). டிசிபிடம்ப் ஓடும்போது பிடைப்_ஆல் வழியாக ஒருவராவது வாங்கிக்கொள்கிறார், அதனால் கணக்கு ஏறுவதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் கார்டை மாற்றுகிறவர்கள், கேபிளை மாற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். கவுன்ட் ஏறினால் உடனே ஹார்டுவேரைச் சந்தேகப்படக் கூடாது.

தண்டையார்பேட்டை_லேத்:

அண்ணா, அதேதான், பி588 என்று இருந்தது. எச்டிஓஎன்எஸ் போட்டதும் டிமெசேஜ் நிறைய வருகிறது, ரொம்ப நன்றி. ஆனால் இரண்டு சந்தேகம். போர்டு அனுப்புவது 8 பைட் டேட்டா, இங்கே 46 பைட் வருகிறது. அப்புறம் பெட்டியை ஓட விட்டால் ஃப்ரீ மெமரி குறைந்துகொண்டே போகிறது. என் ஃபங்ஷனில் பிரிண்ட் செய்துவிட்டு 0 ரிட்டர்ன் செய்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

எண்ணூர்_பேனல்:

மெமரி கரைவதற்குக் காரணம் நீங்கள் எஸ்கேபியை விடுவிக்காததுதான். ஹேண்ட்லரைக் கூப்பிடும்போதே கர்னல் ஒரு ரெஃபரன்ஸை (எஸ்கேபி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கு) உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது, அதைத் திருப்பிவிடுவது உங்கள் பொறுப்பு. வேலை நல்லபடியாக முடிந்தால் கன்ஸ்யூம்_எஸ்கேபி, வேண்டாம் என்று தூக்கிப்போட்டால் கேஃப்ரீ_எஸ்கேபி. ரிட்டர்ன் வேல்யூவைப் பார்த்துக் கர்னல் உங்களுக்காக விடுவிக்காது. எஸ்கேபியில் எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் எஸ்கேபி_ஷேர்_செக் (வேறு யாரும் பிடித்திருந்தால் உங்களுக்குத் தனி நகல் தருவது) கூப்பிடுங்கள், ஏனென்றால் அதே எஸ்கேபியை டிசிபிடம்ப்பும் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

46 பைட் சரிதான். எஃப்சிஎஸ் (கடைசியில் வருகிற பிழை சரிபார்ப்பு பைட்கள்) நீங்கலாக ஈதர்நெட் ஃபிரேம் குறைந்தது 60 பைட் இருக்க வேண்டும், 14 தலைப்புக்குப் போனால் மீதி 46. மிச்சத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். ஈதர்டைப் வகை ஃபிரேமில் நீளம் எங்கேயும் எழுதியிருக்காது, அதனால் உங்கள் டேட்டாவின் முதல் பைட்டிலேயே நீளத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கேபியின் பிகேடி_டைப்பையும் (ஃபிரேம் யாருக்கு வந்தது என்று சொல்கிற ஃபீல்டு) பாருங்கள். டிசிபிடம்ப் கார்டை ப்ராமிஸ்குவஸ் மோடில் போட்டுவிடும், அப்போது அடுத்தவருக்கு வந்த ஃபிரேமும் உங்கள் ஹேண்ட்லருக்கு வரும். அதர்ஹோஸ்ட் என்று இருந்தால் விட்டுவிட வேண்டும், ஐபி_ஆர்சிவியும் ஆரம்பத்திலேயே அதைத்தான் செய்கிறது. ஹேண்ட்லர் ஓடுவது சாஃப்ட்ஐஆர்க்யூவில், அங்கே தூங்கக் கூடாது: மியூடெக்ஸ் (காத்திருக்க வைக்கிற பூட்டு) வேண்டாம், ஃபைலில் எழுதவும் வேண்டாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன், இந்த வேலைக்குக் கர்னல் மாட்யூல் எதற்கு? நான் எண்ணூர்ப் பக்கம் துணைமின் நிலைய ரிலே பேனல்களில் வேலை செய்கிறேன். அங்கே ரிலேக்கள் ஒன்றுக்கொன்று அனுப்புகிற கூஸ் மெசேஜ் 88பி8 என்ற ஈதர்டைப்பில் ஐபியே இல்லாமல்தான் ஓடுகிறது. அதை லினக்ஸில் படிக்க ஏஎஃப்_பாக்கெட் சாக்கெட் (சாதாரண புரோகிராமே ஃபிரேமை நேராக வாங்குகிற வழி) போதும். சாக்கெட் திறக்கும்போது புரோட்டோகால் இடத்தில் எச்டிஓஎன்எஸ்ஸோடு 88பி5 கொடுத்தால் கர்னல் உங்கள் சார்பாக அதே டெவ்_ஆட்_பேக்கைத்தான் கூப்பிடுகிறது. உங்கள் புரோகிராம் விழுந்தாலும் பெட்டி விழாது. பட்டறையில் பீஸ் எண்ணுகிற வேகத்துக்கு யூசர் ஸ்பேஸே (கர்னலுக்கு வெளியே ஓடுகிற புரோகிராமே) தாராளம். கற்றுக்கொள்ள மாட்யூல் எழுதுங்கள், மாமாவின் மெஷினுக்குச் சாக்கெட் போடுங்கள்.

ராயபுரம்_சாஃப்ட்ஐஆர்க்யூ:

எண்ணூர் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். மாட்யூலைத் தொடர்ந்து வைத்திருந்தால் எக்ஸிட் ஃபங்ஷனில் பதிவை நீக்குகிற டெவ்_ரிமூவ்_பேக் கட்டாயம். அதை விட்டுவிட்டு ஆர்எம்மாட் செய்து மாட்யூலை இறக்கினால் அடுத்த ஃபிரேம் வந்த நொடியில் கர்னல், இல்லாத ஃபங்ஷனுக்குத் தாவும்.

மேல் அடுக்கிலும் இதே முறைதான். ஐபி_ஆர்சிவி ரூட் பார்த்து நமக்கு வந்த பாக்கெட் என்று தெரிந்ததும், ஐபி தலைப்பில் இருக்கிற புரோட்டோகால் எண்ணை எடுத்து ஐநெட்_புரோட்டோஸ் அரேயில் பார்க்கிறது. 1 ஐசிஎம்பி, 6 டிசிபி, 17 யுடிபி. அந்த எண் 8 பிட்தான், அதனால் ஹாஷே தேவையில்லை, 256 இடமுள்ள நேர் அரே. அங்கே ஹேண்ட்லர் இல்லையென்றால், ரா சாக்கெட்டும் யாரும் திறந்திருக்கவில்லையென்றால், அனுப்பியவருக்கு ‘புரோட்டோகால் அன்ரீச்சபிள்’ என்று ஐசிஎம்பி திரும்பிப் போகும். ஈதர்நெட் அடுக்கில் அந்த மரியாதை கிடையாது, சத்தமில்லாமல் டிராப்தான், அதனால்தான் உங்கள் போர்டுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

பின்னாளில் அந்தப் பெட்டியில் விர்ச்சுவல் மெஷின் போட்டு ஈத்0 இன்டர்ஃபேஸைப் பிரிட்ஜில் சேர்த்தால், ஃபிரேம் உங்கள் ஹேண்ட்லருக்கு பிரிட்ஜின் பெயரில் வரும், ஈத்0 என்ற பெயரில் வராது. டெவ் நல் என்று வைத்திருக்கிற வரை பிரச்சினை இல்லை, ஈத்0 என்று கட்டிப்போட்டிருந்தால் மறுபடியும் மௌனம்தான்.