ஜனநாயகம் வளர்க்கும் வேலைக்குப் போகலாமா?

நிலவன்: அக்கா மகள் தில்லியில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. முடிக்கப் போகிறாள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) கனவோடு யு.பி.எஸ்.சி. எழுதுவதா, வெளிநாடுகளில் தேர்தல் கண்காணிப்பு, கட்சிகளுக்குப் பயிற்சி என்று இயங்கும் அமைப்புகளில் சேருவதா என்று கேட்டாள். இரண்டாவதற்குப் போ என்றேன். வீட்டில் எல்லோரும் என்மேல் பாய்கிறார்கள்.

நான் நினைத்துக்கொண்டது ஹாரி பார்ன்ஸை. 1981 முதல் 1985 வரை தில்லியில் அமெரிக்கத் தூதர், அடுத்து சிலி. 1986 ஜூலையில் சாந்தியாகோ தெருவில் ரோட்ரிகோ ரோஹாஸ் என்ற 19 வயதுப் பையனை ராணுவத்தினர் பிடித்து உயிரோடு கொளுத்தினார்கள். சில நாளில் இறந்துபோனான். அந்தச் சாவுக்கு பார்ன்ஸ் நேரில் போனார். ஊர்வலத்தின் மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. சிலியின் ராணுவ சர்வாதிகாரி பினோசேவுக்கு ஆத்திரம். சொந்த நாட்டு செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸே பார்ன்ஸைத் திட்டினார். ஒரு தூதர் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய காரியம் உண்டா?

கடலோடி: நிலவன், பினோசேவை உட்கார வைத்தது யார் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அவருக்கு முன் சிலியின் அதிபராக இருந்த இடதுசாரி அயெந்தே 1970இல் தேர்தலில் ஜெயித்து வந்தவர். அவரைப் பதவியேற்க விடாதே என்று சி.ஐ.ஏ. உளவு அமைப்புக்கு உத்தரவு போட்டவர் அமெரிக்க அதிபர் நிக்சன். அந்த வருடத்திலிருந்து 1973இல் ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்க்கும் வரை சிலியில் ரகசியமாக சுமார் 80 லட்சம் டாலர் இறக்கினார்கள் என்று அமெரிக்க செனட் கமிட்டியே 1975இல் எழுதிவைத்திருக்கிறது. வீட்டைக் கொளுத்தியவன் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் கும்பிட வேண்டுமா?

வெளிநாடுகளில் ஜனநாயகம் வளர்க்க அமெரிக்க அரசுப் பணம் கொடுக்கும், 1983இல் தொடங்கிய என்.ஈ.டி. நிதியமும் அதே கதைதான். நாங்கள் இன்று செய்வதில் நிறைய, 25 வருடம் முன்பு சி.ஐ.ஏ. மறைவாகச் செய்தது என்று 1991இல் வாஷிங்டன் போஸ்டிடம் சொன்னவர் ஆலன் வைன்ஸ்டைன். அந்த நிதியத்தை உருவாக்க உழைத்தவர்களில் ஒருவர் அவர்.

நிலவன்: மறைவாகச் செய்ததற்கும் வெளிப்படையாகச் செய்வதற்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது கடலோடி. 1988 அக்டோபர் 5 இரவைப் பாருங்கள். பினோசே தொடரலாமா என்று பொதுவாக்கெடுப்பு. 'ஆம்' முன்னணி என்று அரசு ஆரம்ப எண்ணிக்கையை வெளியிடுகிறது. 'வேண்டாம்' அணி நாடு முழுக்க வாக்குச்சாவடிகளில் ஆள் நிறுத்தி, தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்படி இணையாக எண்ணுவதற்கான தொழில்நுட்ப உதவியில் அமெரிக்காவின் என்.டி.ஐ. என்ற ஜனநாயகப் பயிற்சி அமைப்புக்கும் பங்கு உண்டு. நள்ளிரவு கடந்ததும் விமானப்படைத் தளபதி மாத்தேய் அதிபர் மாளிகைக்குள் நுழையும்போதே, 'வேண்டாம்' ஜெயித்ததாகத்தான் தெரிகிறது என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். சுமார் 56 சதவீதம். கையில் எண்ணிக்கை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி எப்படி விடிந்திருக்கும்?

கடலோடி: ஓட்டுப் போட்டது சிலி மக்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே 15 வருடம் போராடியதும் அவர்கள். பயிற்சி கொடுத்தவர்கள் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள்.

தேன்மொழி: இரண்டு பேரும் சிலியிலேயே நிற்கிறீர்கள். நான் கெய்ரோவைச் சொல்கிறேன். 2011 டிசம்பரில் எகிப்து போலீஸ் இந்த மாதிரி அமைப்புகளின் அலுவலகங்களுக்குள் புகுந்து கணினி, கோப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. 43 பேர் மேல் வழக்கு. 2012 மார்ச்சில் ஜாமீன் கட்டி, தனி விமானத்தில் வெளிநாட்டு ஊழியர்களில் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். எகிப்தியர்கள் எந்த விமானத்தில் ஏறுவது? கோர்ட்டில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நின்றார்கள். 2013 ஜூனில் 43 பேருக்கும் தண்டனை. ரத்தாக 2018 டிசம்பர் ஆனது.

ஒரே ஒரு அமெரிக்கர், ராபர்ட் பெக்கர், விமானம் ஏறவில்லை. என்.டி.ஐ. பயிற்சியாளர். கூட வேலை பார்த்தவர்களை விட்டுப் போகமாட்டேன் என்று அதே கூண்டில் நின்றார், அவருக்கும் இரண்டு வருடத் தண்டனை விழுந்தது. நிலவன் அண்ணா, உங்களுக்கு பார்ன்ஸ் மாதிரி எனக்கு அவர். ஆனால் 43 பேரில் ஒருவர் பெக்கர் என்றால், இந்தத் தொழிலை எதை வைத்து எடைபோடுவது?

கடலோடி: சரியாகக் கேட்டாய் அம்மா. வேலை நிச்சயமும் கிடையாது. 2025 ஜனவரியில் ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார், வெளிநாட்டு உதவி நின்றது. ஜூலை 1இல் அந்த உதவியைக் கொடுத்துவந்த அமெரிக்க அரசு அமைப்பு யு.எஸ்.எய்ட் மூடியேவிட்டது. அதை நம்பி ஊர் ஊராக இருந்த உள்ளூர் ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிள்ளைக்கு இந்த ஆசை உண்மையாக இருந்தால் நம் தேர்தல் ஆணையம் 2011இல் தொடங்கிய பயிற்சி நிறுவனம் தில்லியிலேயே இருக்கிறது, பல நாட்டுத் தேர்தல் அதிகாரிகள் வந்து படிக்கிறார்கள். 2005இல் ஐ.நா. ஜனநாயக நிதிக்கு இந்தியாவும் ஒரு கோடி டாலர் கொடுத்தது. எவன் ஆட்சியையும் மாற்றப் போகாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது.

நிலவன்: ஆணையத்தில் இருந்துகொண்டு, கேட்டு வரும் அரசுகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கலாம். பினோசே கேட்டு வரமாட்டார். ஆட்சி கொளுத்திய பையனின் சாவுக்குப் போகிற ஆளும் உலகத்துக்கு வேண்டும். என் பதில் மாறாது.

தேன்மொழி: அப்படியானால் அவளிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணா: நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன், வழக்கு வந்தால் உள்ளூர் ஊழியர்களுக்கு வக்கீல் செலவும் குடும்பச் செலவும் யார் பொறுப்பு என்று கேட்கட்டும். எழுத்தில் வாங்கட்டும்.