ஒரே மேடையில் பவ்வவும் ஹோப்பக்கும்: ஒற்றுமையா, ஒப்பேற்றலா?

புல்வெளிக்காரன்:
கனடாவின் எட்மண்டனுக்கு வந்து ஆறு வருடமாகிறது. கோடையில் எந்த ஊர் விழாவுக்குப் போனாலும் இதே காட்சிதான். பூர்வகுடிகளான க்ரீ மக்கள் தங்கள் பவ்வவ் நடனம் ஆடி இறங்குவார்கள், சிவப்பு பூட்ஸ் போட்ட உக்ரேனியப் பிள்ளைகள் தங்கள் ஹோப்பக் நடனம் ஆட ஏறுவார்கள். அறிவிப்பாளர் இரண்டையும் சேர்த்து 'நம் பாரம்பரியம்' என்பார். எனக்கு நெருடுகிறது. 1876-இல் இந்தப் பகுதி நிலம் பற்றிப் பூர்வகுடிகளோடு அரசு செய்த ஆறாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு வந்த உக்ரேனியருக்குப் பத்து டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் கிடைத்தது. அதே 1876-இல் வந்த 'இந்தியன் ஆக்ட்' என்ற கனடியச் சட்டமோ, பூர்வகுடிகள் இந்தப் பக்கம் அப்படி நிலம் எடுக்கவே கூடாது என்றது. நிலத்தைப் பறிகொடுத்தவரும் நிலம் வாங்கியவரும் ஒரே வரிசையா?

கிழக்குக்கரை:
சட்டம் போட்டது தலைநகர் ஒட்டாவாவில் இருந்த அரசு. பழியை ஏன் குடியானவன் தலையில் கட்டுகிறீர்கள்? எட்மண்டனுக்குக் கிழக்கே உக்ரேனிய மரபுக் கிராமத்தில் 'புர்தேய்' என்று ஒரு குழி வீடு இருக்கிறது. குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள். மண் தரை, மேலே புல்கட்டி, ஒரு அடுப்பு. அப்படி ஒரு குழியில்தான் பல குடும்பங்கள் முதல் பனிக்காலத்தைக் கழித்தன. முதல் உலகப்போர் தொடங்கியதும் 'எதிரி நாட்டார்' என்று 8,579 பேரை முகாமில் அடைத்தார்கள். அதில் பெரும்பாலோர் உக்ரேனியர். அவர்களும் அடிபட்டவர்கள்தான், நண்பரே.

புல்வெளிக்காரன்:
அடிபட்டதை மறுக்கவில்லை. ஆனால் ஹோப்பக் ஆட யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லையே! மேற்கு மாகாணங்களில் பூர்வகுடிகள் ரிசர்வுக்கு, அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு, வெளியே பாரம்பரிய உடையில் ஆட அதிகாரியின் சம்மதம் வேண்டும் என்று 1914-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். அது போனது 1951-இல். ஊரை விட்டு வெளியே போகவே பாஸ் கேட்ட காலமும் இருந்தது. அதைக் காவல் காத்தது குதிரைப்படை போலீஸ். வெக்ரவில் ஊரில் நிற்கிற அந்த ராட்சத உக்ரேனிய ஈஸ்டர் முட்டை, பிசாங்கா, எதற்காக வைத்தது தெரியுமா? அதே போலீஸ் நம் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு வந்த நூற்றாண்டுக்கு. ஒருவருக்குக் காவல், இன்னொருவருக்குக் கட்டு.

மாதுளை:
முட்டை விஷயம் எனக்குப் புதிது. காற்றடித்தால் அது மெதுவாகத் திரும்பும், அதைப் பார்க்கத்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன்.

சரி, என் பங்குக்கு ஒரு துணி. போன வருடம் பூர்வகுடிகள் தினத்தில், ஜூன் 21, ஒரு கடையில் தலைக்குக் கட்டும் ஸ்கார்ஃப் வாங்கினேன். கறுப்புத் துணி, நிறையச் சிவப்பு ரோஜா, ஓரத்தில் குஞ்சம். கடைக்கார அம்மா க்ரீ. 'கோகும் ஸ்கார்ஃப்' என்றார். கோகும் என்றால் 'உன் பாட்டி'. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், கூட வேலை பார்க்கும் உக்ரேனியப் பெண், 'இது எங்கள் பாபாவின் ஹுஸ்ட்கா ஆயிற்றே' என்கிறாள். அவர்களும் பாட்டியைத்தான் சொல்கிறார்கள்! பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த பெண்கள் பண்டமாற்றாகக் கைமாற்றிக்கொண்டது என்கிறார்கள். 2022-இல் உக்ரேனில் போர் வந்தபோது பூர்வகுடிப் பெண்கள் பலர் இதைக் கட்டிப் படம் போட்டார்கள். எந்த அறிவிப்பாளரும் சொல்லிக் கட்டவில்லை.

கிழக்குக்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அக்கா. எட்மண்டனின் ஷும்கா நடனக்குழு 2019-இல் பூர்வகுடிக் கலைஞர்களோடு சேர்ந்தே ஒரு முழுநீள நிகழ்ச்சி செய்தது. மேடையைப் பிரித்துவிட்டால் அது எப்படி நடக்கும்?

புல்வெளிக்காரன்:
அவர்களே சேர்ந்து செய்வது வேறு, விழாக் கமிட்டி சேர்த்து வைப்பது வேறு. ஸ்கார்ஃபுக்கு நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018-இல் ஆற்றோரம் திறந்த இனீவ் கலைப் பூங்காவைப் பாருங்கள். ஆறு படைப்புகள், ஆறும் பூர்வகுடிக் கலைஞர்களுடையவை. அங்கே யாரும் 'அடுத்த ஐட்டம்' என்று அவசரப்படுத்துவதில்லை. விழாவில் பவ்வவுக்கு இருபது நிமிடம், அதில் மைக் சரிசெய்யவே ஐந்து நிமிடம்.

கிழக்குக்கரை:
நேரம் கூடக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். பிரிக்கச் சொன்னால் மாட்டேன்.

மாதுளை:
இந்த ஜூன் 21-க்கு இரண்டு பேரும் வாருங்கள், அங்கேயே சண்டை போடலாம்.

புல்வெளிக்காரன்:
வருகிறேன். அறிவிப்பாளர் 'நம் பாரம்பரியம்' என்று ஆரம்பித்தால் மட்டும் நான் பிரோகி கொழுக்கட்டை வாங்கும் வரிசையில் இருப்பேன்.