லூ ஹெருவோவின் தாள்களைப் புதைத்தது அறியாமையா?

கடலோடி: தைவான் எழுத்தாளர் லூ ஹெருவோவின் குடும்பம் "மதிப்புத் தெரியாமல் கையெழுத்துப் படிகளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1949இல் அங்கே ராணுவச் சட்டம். மனிதர் இடதுசாரி, தலைமறைவு. அவர் கையெழுத்துள்ள ஒரு தாள் சிக்கினாலும் வீட்டில் இருப்பவர்கள் கதி என்ன? பயந்து புதைத்தார்கள். அறியாமை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

வைகைச்செல்வி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். பயம் சரி. ஆனால் 1942 முதல் 1944 வரையான நாட்குறிப்பு மட்டும் எப்படித் தப்பியது? பிள்ளைகள் பிறந்த தேதி அதில் இருந்ததால். இலக்கியத்துக்காக இல்லையே.

கடலோடி: பிறந்த தேதிக்காக வைத்திருந்தால் கேவலமா? அப்பா இனி வருவாரா என்றே தெரியாத வீட்டில், அவர் கையால் பிள்ளை பிறந்த நாளைக் குறித்த நோட்டை எந்தத் தாய் மண்ணுக்குள் போடுவாள்? அந்த நோட்டுதான் 2004இல் அச்சாகி நம் கைக்கு வந்தது.

பழுப்பேடு: நாட்குறிப்பே ஜப்பானிய மொழியில்தான். அவருடைய 'மாட்டு வண்டி' கதையும் 1935இல் டோக்கியோ இதழில் வந்தது. அப்புறம் எப்படித் தைவான் எழுத்தாளர்?

கடலோடி: பேச்சை மாற்றாதீர்கள். அப்போது தைவானை ஆண்டது ஜப்பான், பள்ளியில் கற்றுத்தந்த மொழி அது. 1937இல் செய்தித்தாள்களின் சீனப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். 1945இல் ஜப்பான் ஆட்சி போய்ச் சீன ஆட்சி வந்ததும் அவர் சீனத்தில் எழுதினாரே, 1947 பிப்ரவரி வரைக்கும்! போன மாதம் இன்னொரு தைவான் எழுத்தாளர் யாங் குய்க்கு 1934இல் டோக்கியோ இதழின் முதல் பரிசு என்று அடித்துப் பேசியதும் நீங்கள்தானே. கிடைத்தது இரண்டாம் பரிசு.

பழுப்பேடு: முதல் பரிசு யாருக்குமே தரவில்லை. அப்படியென்றால் முதலில் வந்தவர் யார்? அதை ஏன் மறைக்கிறீர்கள்?

வைகைச்செல்வி: பரிசுச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதைத்தது புதைத்ததுதான். அந்தக் கடிதங்களும் கதைகளும் திரும்பி வருமா? இழப்பை இழப்பு என்று சொன்னால் உங்களுக்கு ஏன் சுடுகிறது?

கடலோடி: இழப்பு என்றால் நானும் சேர்ந்து அழுவேன். நீங்கள் எழுதியது "மதிப்புத் தெரியாமல்". அந்த இரண்டு சொல்லை எடுங்கள்.

வைகைச்செல்வி: எடுக்க மாட்டேன்.

கடலோடி: நாளைக்கும் வருவேன். மறுநாளும் இதையேதான் கேட்பேன்.